மான் மேயும் உப்பு மணலுக்கு நித்தியகல்யாணி

கேள்வி: கோடியக்கரைக்குப் பக்கத்தில் வீடு. மண் வெறும் மணல், அடிபம்புத் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கிறது. செம்பருத்தி, ரோஜா எதை வைத்தாலும் ராத்திரியில் புள்ளிமான் வந்து மேய்ந்துவிட்டுப் போகிறது. மான் தொடாத, வருஷம் முழுக்கப் பூக்கிற செடி ஏதாவது உண்டா?

பதில்: நித்தியகல்யாணி வையுங்கள். சுடுகாட்டு மல்லி என்று சிலர் வீட்டில் வைக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் வேண்டாம். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த இந்தச் செடிக்கு வெயிலும் மணலும் கடல்காற்றும் பழகியவை. இலை கடுங்கசப்பு, நச்சுத்தன்மையும் உண்டு. அதனால் ஆடு, மாடு, மான் எதுவும் விரும்பி வாய் வைக்காது. கோடை முற்றிப் புல் கருகும்போது பசியில் ஒன்றிரண்டு கிளையைக் கடித்துப் பார்க்கலாம். செடி மறுபடி துளிர்த்துவிடும். இளங்கன்றுகள் மிதிபடாமல் இருக்க முதல் இரண்டு மாதம் மட்டும் முள் வைத்து மறைப்புக் கட்டுங்கள். அரளியையும் மான் தொடாது, ஆனால் அதன் நஞ்சு இன்னும் கடுமையானது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

நர்சரியில் தொட்டியோடு விற்கும் பெரிய பூ ஹைப்ரிட் ரகங்களை வாங்காதீர்கள். உங்கள் ஊர் மழைக்கு அவை சீக்கிரம் அழுகிவிடும். தெருவோரத்தில் தானாக வளர்ந்து நிற்கும் ரோஸ் நிறப் பூச்செடியிலிருந்து விதை எடுங்கள். இலைக்கணுவில் மெல்லிய காய்கள் இரண்டிரண்டாக நிமிர்ந்து நிற்கும். பச்சை மாறி மஞ்சளாகும்போதே பறித்துவிட வேண்டும். விட்டால் வெடித்து விதை சிதறிவிடும். உள்ளே இருக்கும் கறுப்பு விதைகளை மார்கழிக் கடைசியில் தட்டில் தூவி, மேலே மெல்லியதாக மண் போட்டு மூடுங்கள். இந்த விதைக்கு இருட்டு இருந்தால்தான் நன்றாக முளைக்கும். மாசியில், மழை ஓய்ந்து கன்று ஓரளவு வளர்ந்த பிறகு, ஒன்றரை அடி இடைவெளியில் நட்டால் கோடைக்கு முன் வேர் பிடித்துவிடும். நல்ல வெயில் படும் இடமாகப் பாருங்கள்.

இந்தச் செடியைக் கொல்வது பெரும்பாலும் தேங்கும் தண்ணீர்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உங்கள் பக்கம் மணலிலும் நீர்மட்டம் மேலே ஏறிவிடும். அதனால் முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, மக்கிய எரு கலந்து நடுங்கள். வேர் பிடித்த பிறகு வாரம் இரண்டு தண்ணீர் போதும். கரிக்கும் தண்ணீரானால் காலையில் வேரில் மட்டும் விடுங்கள், இலையில் தெளிக்க வேண்டாம். உச்சி வெயிலில் இலை சுருண்டு தொங்குவதைப் பார்த்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் செடி நலமாக இருக்கிறது. மண் ஈரமாக இருந்தும் நிமிரவில்லை என்றால் வேரழுகல். பிடுங்கி அப்புறப்படுத்திவிடுங்கள், பக்கத்துச் செடிக்கும் பரவும்.

கிளிஞ்சல் கலந்த மணலாக இருந்தால் இளம் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அது இரும்புச்சத்துக் குறை. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட் உப்பு) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் இலையில் தெளியுங்கள். பத்து நாள் விட்டு இன்னொரு தடவை.

சர்க்கரைக்கு நல்லது என்று யாராவது இலையையோ பூவையோ பறிக்க வந்தால் கொடுக்காதீர்கள். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் என்ற வீரியமான மருந்து இந்தச் செடியிலிருந்துதான் கிடைக்கிறது. கஷாயம் போட்டுக் குடிக்கும் சமாச்சாரம் இல்லை.

வருஷம் ஒரு தடவை, மழைக்காலம் முடிந்ததும், பாதி உயரத்துக்குக் கவாத்து செய்தால் புதுக்கிளை அடர்ந்து பூக்கும். இரண்டு மூன்று வருஷத்தில் தண்டு முற்றிப் பூ குறையும். அப்போது காலடியில் தானாக முளைத்திருக்கும் கன்றுகளில் திடமானதை விட்டுவிட்டுத் தாய்ச்செடியை எடுத்துவிடலாம். வெட்டிய கிளைகள் மாட்டுத் தீவனத்தில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.