சுவரில் மாட்டும் தலைமைத்துவம்

கேள்வி: காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். நடுத்தர வயது அதிகாரிகளுக்கு இணையம் வழியே தலைமைத்துவப் பாடம் நடத்தும்படி ஒரு தனியார் பயிற்சி நிலையம் அழைத்திருக்கிறது. ஆறு வாரம், வாரத்தில் ஒரு மாலை. முடிவில் சான்றிதழும் உண்டு. தலைமைத்துவத்தைத் திரை வழியாகக் கற்றுத்தர முடியுமா?
– ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர், ஈசூன்

பதில்: சான்றிதழும் உண்டா? அப்படியானால் வகுப்பு நிரம்பிவிடும், கவலையை விடுங்கள்.

நம் சிங்கப்பூரில் மூன்றறை வீட்டுச் சுவர் போதாத அளவுக்குச் சான்றிதழ் சேர்ந்துவிட்டது. தீபாவளிக்குக் கோலம் போடும் பயிலரங்குக்குப் போனால் சான்றிதழ். அதைத் தொடங்கிவைத்தவருக்குச் சான்றிதழ். சான்றிதழ்களை எடுத்து வழங்கியவருக்குப் பொன்னாடை. ஓர் இலக்கிய அமைப்பு, கவிதை வாசித்த அத்தனை பேருக்கும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சான்றிதழ் கொடுத்தது. நியாயமாகப் பார்த்தால், கடைசிவரை உட்கார்ந்து கேட்ட எங்களுக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும்? இதை இதே பக்கத்தில் ஒருமுறை எழுதியதிலிருந்து அந்த அமைப்பின் செயலாளர் என்னைக் கண்டால் அடுத்த லிஃப்ட்டுக்குக் காத்திருக்கிறார். இப்போது மறுபடியும் எழுதிவிட்டேன். இனி மாடிப்படிதான் அவருக்கு.

சான்றிதழும் பயிற்சியும் சேர்ந்த கதை ஒன்று உங்கள் துறைக்கே தெரியும். 2017-இல் ஒரு கும்பல் அரசாங்கத்தின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சி நிதியிலிருந்து சுமார் 4 கோடி சிங்கப்பூர் வெள்ளியைக் கறந்துகொண்டு போனதே, நினைவிருக்கிறதா? 9 நிறுவனங்களை வைத்துக்கொண்டு, பயிற்சிக்கு ஆள் அனுப்பினோம் என்று சொன்னதும் அவர்களே, பயிற்சி கொடுத்தோம் என்று சொன்னதும் அவர்களே. நடக்காத வகுப்புக்குப் போகாத மாணவர்கள். திட்டமிடல், வேலைப் பகிர்வு, குழுவாகச் செயல்படுவது என்று தலைமைத்துவப் பாடத்தில் வரும் தலைப்பு அத்தனையும் அதில் இருந்தது, பாடத்தைத் தவிர. கடைசியில் உங்கள் ஆட்கள், வர்த்தக விவகாரப் பிரிவினர், போய் அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

எனக்குப் பிடித்த சான்றிதழ் ஒன்றுதான். அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தின் குவான்டிகோவில் எஃப்பிஐயின் தேசியப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. 1935-இல் தொடங்கியது. உள்ளூர்ப் போலீஸ் அதிகாரிகளையும் வெளிநாட்டு அதிகாரிகளையும் அழைத்து, 10 வாரம் அங்கேயே தங்கவைத்துத் தலைமைத்துவம் சொல்லித்தருகிறார்கள். முடிவில் காட்டுக்குள் 6.1 மைல் ஓட வேண்டும். கயிறு பிடித்து ஏறுவது, சேற்றில் தவழ்வது எல்லாம் உண்டு. ஓடி முடித்தவருக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு செங்கல் தருகிறார்கள். உண்மையான செங்கல் ஐயா. லேமினேட் செய்ய முடியாது. போலியாக அச்சடிக்க முடியாது. அதை ஒரு கோப்புக்குள் செருகிக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போகவும் முடியாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். திரை ஒரு தடையே இல்லை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது கையில் இருந்தவை தபாலும் தொலைக்காட்சியும் வானொலியும்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிப் புத்தகக் கட்டு வந்ததா என்று தபால்காரரைத் துளைத்தெடுத்தவர்கள் இந்தப் பக்கத்தின் வாசகர்களிலேயே இருப்பார்கள். படித்தார்கள், தேறினார்கள்.

உங்களுக்குச் சிக்கல் வரப்போவது மாணவர்களிடமிருந்து. முதலில், அவர்கள் பெரியவர்கள். அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1970-களில் இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார்: வளர்ந்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் தூக்கிக்கொண்டுதான் வகுப்புக்கு வருகிறார்கள், அதைத் தொடாத பாடம் அவர்களுக்குள் இறங்காது. 20 ஆண்டு ரோந்து போனவரிடம் ‘நல்ல தலைவரின் ஏழு பண்புகள்’ என்று ஸ்லைடு போட்டால் அவர் கேமராவை அணைத்துவிட்டு மகனின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கப் போய்விடுவார். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவராக இருந்தால் தூங்கியே போவார். அவர்மேல் எனக்குக் கோபமே வராது.

இரண்டாவது, அவர்கள் போலீஸ்காரர்கள். ஸூம் திரையில் எல்லாருடைய கட்டமும் ஒரே அளவுதான், ஆனாலும் எந்தக் கட்டத்தில் சூப்பரின்டென்டன்ட் இருக்கிறார் என்பதை எந்த சார்ஜன்ட்டும் மறப்பதில்லை. பெரியவர் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால் மீதிப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதோடு சரி. அதனால் பதவியில் சிறியவரை முதலில் பேச விடுங்கள். இல்லையென்றால் வகுப்புக்கு முன்பே எல்லாரும் தனித்தனியாக எழுதி உங்களுக்கு அனுப்பட்டும், பெயரை எடுத்துவிட்டு நீங்கள் வாசியுங்கள். எதிரே ஆளை வைத்துக்கொண்டு இதைச் செய்வது கடினம், இணையத்தில் சுலபம். அப்புறம், ‘செடியா!’ (நேராக நில்!) என்று அதட்டிப் பழகிய உங்கள் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். (நம் ஊர் அணிவகுப்புக் கட்டளைகள் இன்றும் மலாயில்தான். சீனப் பையனுக்கும் தமிழ்ப் பையனுக்கும் ‘செனாங் டிரி’ என்றதும் உடம்பு தானாகத் தளர்கிறது. நாலு மொழிக்காரர்கள் ஒரு சொல்லுக்குச் சேர்ந்து அசைவதை நான் அங்கே மட்டும்தான் பார்த்திருக்கிறேன். நம் தமிழ் அமைப்புகளின் பொதுக்கூட்டத்தில் ஒரே மொழிக்காரர்கள் அசைய மாட்டேன் என்கிறார்கள்.)

மூன்றாவதுதான் பெரிய முடிச்சு. அனுபவத்தைக் கொட்டுங்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்கள் எப்படிக் கொட்டுவார்கள்? அரசாங்க ரகசியச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நடக்கிற வழக்கைப் பற்றி, எந்தச் சர்வரில் பதிவாகிறது என்று தெரியாத ஒரு திரைமுன் வாய் திறக்க எந்த அதிகாரிக்கும் தயக்கம் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

இதற்கு வழி உங்கள் காலடியிலேயே கிடக்கிறது. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. லிட்டில் இந்தியாவில், ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷியர் ரோடும் சந்திக்கும் இடத்தில் பேருந்து மோதி ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளி இறந்தார், அதைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. அது ஏன் நடந்தது என்பதைப் பற்றி நாம் தேக்கா கோப்பிக்கடைகளில் நிறையப் பேசியாயிற்று. உங்கள் வகுப்புக்கு வேண்டியது விசாரணை ஆணையத்தின் அறிக்கை. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமை தாங்கினார். உறுப்பினர்களில் ஒருவர் முன்னாள் காவல்துறை ஆணையர் டீ துவா பா. விசாரணை பகிரங்கமாக நடந்தது, 2014-இல் அறிக்கை வெளியானது. ஒரு ரகசியமும் இல்லை.

அந்த இரவில் களத்தில் இருந்த அதிகாரியின் நிலையை நினைத்துப் பாருங்கள். எதிரே கூட்டம். கையில் இருக்கும் ஆட்கள் குறைவு. கூச்சலில் தகவல் தொடர்பு சரியில்லை. கலவரத்தை அடக்கும் சிறப்பு நடவடிக்கைப் படை இன்னும் வந்து சேரவில்லை. முன்னேறுவதா, நிற்பதா? படை வரும்வரை நிற்பது என்று முடிவானது. அந்த முடிவைத்தான் ஆணையம் குடைந்து குடைந்து கேட்டது. சிறப்புப் படையை அழைக்க அனுமதி வாங்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும், தகவல் தொடர்பை வலுப்படுத்த வேண்டும், முதலில் போய் நிற்கும் அதிகாரிகளுக்குக் கூட்டத்தைத் தணிக்கும் பயிற்சி வேண்டும் என்று பரிந்துரைத்தது.

ஆறு வாரத்தில் மூன்று வாரத்தை இதற்கே கொடுங்கள். ஆணையத்தின் தீர்ப்பை முதலில் காட்டாதீர்கள். அந்த அதிகாரிக்கு அப்போது தெரிந்தது எதுவோ அதை மட்டும் கொடுத்துவிட்டு, “நீங்கள் என்ன செய்வீர்கள், எழுதுங்கள்” என்று கேளுங்கள். எழுதி முடித்தபின் அறிக்கையைத் திறக்கட்டும். நடந்து முடிந்த பிறகு எல்லாருக்கும் வீரம் வரும். தெரியாமல் இருந்த அந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்பதுதான் உங்கள் பாடம்.

குவான்டிகோவின் 10 வாரத்தில் உண்மையான கல்வி சாப்பாட்டு மேசையில் நடக்கிறது என்பது என் கட்சி. அதைத் திரையில் தர முடியாது. எனவே ஒரு மாலையாவது எல்லாரையும் நேரில் கூட்டி தே தாரிக் வாங்கிக்கொடுங்கள். செலவைப் பயிற்சி நிலையத்தின் தலையில் கட்டுங்கள்.

கடைசியாக, ‘சிறந்த தலைவரின் இலக்கணம் யாது? 500 சொற்களில் விளக்குக’ என்று மட்டும் கட்டுரை கேட்டுவிடாதீர்கள். வகுப்பில் 24 பேர் இருந்தால், சாட்ஜிபிடி புண்ணியத்தில் 24 பேரிடமிருந்தும் அதே ஐந்து பத்தி, அதே வரிசை, அதே ‘முடிவாக’ வந்து சேரும். நீங்கள் இன்ஸ்பெக்டராக இருந்தவர். மூன்று சாட்சிகள் எழுத்துப் பிசகாமல் ஒரே வாக்குமூலம் கொடுத்தாலே உங்களுக்கு மூக்கு வேர்த்திருக்கும். 24 பேர் கொடுத்தால் முதலில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டிய ஆள், அந்தக் கேள்வியைத் தயாரித்தவர்.