ரோலர் கோஸ்டர் கேள்வி பதில்: எங்கே உட்காருவது, எப்போது ஏறுவது, எதற்குப் பயப்படுவது

ரோலர் கோஸ்டர் ஏறுவதற்காகவே பயணம் போகிறவள் நான். அதைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, முன் வரிசை நல்லதா, கடைசி வரிசை நல்லதா?

இரண்டிலும் ஏறிப் பாருங்கள். ஒரே தடம், ஒரே ரயில்தான். ஆனால் முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் கிடைக்கும் சவாரி வேறு வேறு.

முதல் இறக்கத்தை எடுத்துக்கொள்வோம். சங்கிலி ரயிலை உச்சிக்கு இழுத்துக்கொண்டு போகிறது. முதல் பெட்டி உச்சியைத் தாண்டும்போது மீதி ரயில் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், சங்கிலி பிடியை விட்டிருக்காது. அதனால் முன் வரிசைக்காரர் விளிம்பில் கொஞ்ச நேரம் தொங்குவார். கீழே கிடக்கும் தடம் முழுவதையும் பார்த்த பிறகுதான் விழுவார். கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போது நிலைமை தலைகீழ். ரயிலின் பெரும்பகுதி மறுபக்கம் இறங்கி வேகம் பிடித்துவிட்டிருக்கும். அந்த வேகத்தில் பின் வரிசையை உச்சிக்கு மேலே வெடுக்கென்று இழுக்கும், நீங்கள் இருக்கையை விட்டு எழும்பிவிடுவீர்கள்.

நடுவில் வரும் மேடுகளிலும் இதே கணக்குதான். மேட்டில் ஏறும் பக்கம் முன் வரிசை எழும்பும், இறங்கும் பக்கம் பின் வரிசை எழும்பும். நடு வரிசைக்கு இரண்டுமே மட்டாகத்தான் கிடைக்கும், அதனால் முதல்முறை ஏறுகிறவர்களை நடுவில் உட்காரச் சொல்வேன். எனக்குப் பிடித்தது கடைசி வரிசை. காற்றும் காட்சியும் வேண்டுமென்றால் முன் வரிசை.

மரக் கோஸ்டரில் இன்னொன்றையும் கவனியுங்கள். சக்கர அச்சுக்கு நேர் மேலே உள்ள இருக்கையில் அதிர்ச்சி நேராக முதுகுக்கு வரும். ஒரு பெட்டியில் மூன்று வரிசை இருந்தால் அதில் நடு வரிசையைப் பிடியுங்கள்.

கேள்வி: ரசிகர்கள் எதற்கெடுத்தாலும் ‘ஏர்டைம்’ என்கிறார்களே, அது என்ன?

ரயில் ஒரு மேட்டில் வேகமாக ஏறுகிறது. உங்கள் உடம்பு வந்த வேகத்திலேயே மேலே போகப் பார்க்கும். தடம் அதற்குள் கீழே வளைந்துவிடும். இருக்கை உங்களுக்கு அடியிலிருந்து விலகும் அந்த நேரம்தான் ஏர்டைம்.

மேலே எறிந்த பந்து போகும் பாதையிலேயே மேட்டின் வளைவையும் அமைத்தால் எடையே இல்லாமல் மிதப்பீர்கள். அதற்கு ‘ஃப்ளோட்டர்’ என்று பெயர். அதைவிடச் சட்டென்று வளைத்தால் தூக்கி எறிவது போல இருக்கும், மடிமேல் இறங்கும் தடுப்புக் கம்பியான லேப் பார் தொடையில் அழுத்திப் பிடிக்கும். அது ‘இஜெக்டர்’. அமெரிக்காவின் சீடர் பாயிண்ட் பார்க்கில் உள்ள ஸ்டீல் வெஞ்சன்ஸில் ஒரே சவாரியில் ஏறக்குறைய 27 விநாடி ஏர்டைம் உண்டு. 1991-இல் வந்த மீன் ஸ்ட்ரீக் என்ற மரக் கோஸ்டரின் மரச் சட்டகத்தின் மேல் இரும்புத் தடம் போட்டு 2018-இல் திறந்தார்கள். பழையது முரடு என்று பெயர் வாங்கியது. புதியதில் ஏற உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

கேள்வி: உயரம், வேகம் இரண்டையும் பார்த்துத்தானே எந்தப் பார்க்குக்குப் போவது என்று முடிவு செய்ய வேண்டும்?

அந்த இரண்டு எண்களை மட்டும் நம்பிப் போகாதீர்கள். இதை நான் அடித்துச் சொல்வேன்.

இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் மரங்களின் உயரத்துக்கு மேல் எதையும் கட்டக் கூடாது என்று கட்டுப்பாடு. அதனால் 1994-இல் நெமிசிஸைக் கட்டும்போது பாறையைக் குடைந்து, தடத்தைப் பள்ளத்துக்குள் இறக்கினார்கள். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர்தான். ஆனால் கால்கள் தொங்க, பாறைச் சுவர் பக்கத்தில் உரசுவது போலப் போகும்போது வேகமானியில் என்ன இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. ஜெர்மனியின் ஃபாண்டாசியாலாண்டில் உள்ள டாரோனும் அப்படித்தான். உயரம் 30 மீட்டர், வேகம் 117. கல் கட்டடங்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து ஓடும்போது அந்த 117 இரண்டு மடங்காகத் தெரியும். வேகம் உறைப்பது பக்கத்தில் கடந்து போகும் பொருட்களால்தான்.

பெரியவை வேண்டாம் என்று சொல்லவில்லை. நியூ ஜெர்சியில் இருந்த கிங்டா கா 139 மீட்டர் உயரம். மூன்றரை விநாடியில் மணிக்கு 206 கிலோமீட்டர் வேகத்துக்குப் போய், செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்கும். அவ்வளவுதான் சவாரி. சில நேரம் வேகம் போதாமல் ரயில் உச்சியைத் தாண்டாமலே வந்த வழியே திரும்பிவிடும். அதைப் பிடிப்பதற்கென்றே தரையில் பிரேக் தகடுகள் உண்டு. ரயில் கிளம்பும்போது அவை தாழ்ந்து வழிவிட்டு, பிறகு எழுந்து நிற்கும். அந்தக் கோஸ்டரை 2024 நவம்பரில் முன்னறிவிப்பு இல்லாமல் மூடிவிட்டார்கள், 2025 பிப்ரவரியில் வெடி வைத்துத் தகர்த்தும் விட்டார்கள். அடுத்த வருடம் ஏறிக்கொள்ளலாம் என்று இருந்த எத்தனையோ பேருக்கு அது கிடைக்காமலே போய்விட்டது. பயணத் திட்டம் போடும்போது வயதான கோஸ்டர்களை முன்னால் வையுங்கள். புதியவை காத்திருக்கும்.

கேள்வி: அம்மா, எனக்கு 63 வயது. பேத்தி என்னையும் ஏறச் சொல்கிறாள். ஏறலாமா?

ஐயா, வயது மட்டும் தடை இல்லை. இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், கழுத்து அல்லது முதுகுத்தண்டில் தொந்தரவு, அண்மையில் அறுவை சிகிச்சை, எலும்புத் தேய்மானம் இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம். நுழைவாயிலில் உள்ள எச்சரிக்கைப் பலகையை நின்று படியுங்கள்.

எதுவும் இல்லையென்றால், வழுவழுப்பாக ஓடும் கோஸ்டராகப் பார்த்து ஆரம்பியுங்கள். தலைகீழாகப் புரட்டாத, லேப் பார் மட்டுமே உள்ள பெரிய மேட்டுக் கோஸ்டர்கள் பார்க்கத்தான் பயமாக இருக்கும், உடம்புக்கு மென்மையானவை. முரட்டு மரக் கோஸ்டரையும், தோள்மேல் கனமான பட்டை இறங்கும் பழைய இரும்புக் கோஸ்டரையும் விட்டுவிடுங்கள். அவற்றில் காதும் தாடையும் பட்டையில் மோதும். பேத்தியோடு முதலில் குடும்பக் கோஸ்டர் ஒன்றில் ஏறி, இறங்கியதும் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம்.

கேள்வி: வரிசையில் நிற்கும்போதே கை கால் நடுங்குகிறது. நண்பர்கள் எல்லாரும் ஏறுகிறார்கள். என்ன செய்வது?

பயம் உச்சத்துக்குப் போவது வரிசையிலும் அந்த மெதுவான ஏற்றத்திலும்தான். இறக்கம் தொடங்கியதும் பயப்பட நேரமே இருக்காது. அதனால் சங்கிலி ஏற்றம் இல்லாமல் தரையிலிருந்தே உந்தித் தள்ளும் கோஸ்டர் சிலருக்குச் சுலபமாக இருக்கும்.

கண்ணை மூடாதீர்கள். மூடினால் அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று உடம்புக்குத் தெரியாது, தலை சுற்றலும் கூடும். தடம் போகும் திசையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தலையைப் பின்னால் சாய்த்து வையுங்கள். இறங்கும்போது மூச்சை அடக்காமல் கத்துங்கள், கத்துவதே மூச்சை வெளியே விடும் வழிதான். வேண்டாம் என்று தோன்றினால் ஏறுமிடம் வரை வந்தும் விலகிக்கொள்ளலாம். பணியாளரிடம் சொன்னால் வழிவிடுவார், தினமும் பலர் அப்படிப் போவதுண்டு. நண்பர்கள் வற்புறுத்தினால் அவர்கள் ஏறி வரட்டும், நீங்கள் வெளியே நின்று ரயில் முழுச் சுற்றும் ஓடுவதைப் பாருங்கள். பத்து முறை பார்த்தபின் ஏறத் தோன்றும். தோன்றாவிட்டாலும் பரவாயில்லை.

கேள்வி: ஒரு பெரிய வளைவில் பார்வை சில விநாடி மங்கிவிட்டது. இது ஆபத்தா?

இறக்கத்தின் அடியிலும் இறுக்கமான சுழற்சியிலும் உடம்பு இருக்கையில் அழுந்தும். அப்போது ரத்தம் காலுக்கு இறங்க, முதலில் நிறம் போகும், பிறகு ஓரங்கள் இருளும். வர்ஜீனியாவின் கிங்ஸ் டொமினியனில் 2010-இல் திறந்த 93 மீட்டர் கோஸ்டர் ஒன்றில் முதல் வளைவில் இது பலருக்கு நேர்ந்ததால், அந்த வளைவை மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று.

வளைவுக்குள் நுழையும் முன் தொடையையும் வயிற்றையும் இறுக்கிப் பிடியுங்கள், ரத்தம் அவ்வளவு இறங்காது. தண்ணீர் குடித்திருக்க வேண்டும். வெறும் வயிறும் கூடாது, முட்ட முட்டச் சாப்பிட்டும் ஏறக் கூடாது. பார்வை மங்கி உடனே திரும்பினால் சரி. நினைவு தப்பினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மேடம், ஏறும்போது ‘டக் டக் டக்’ என்று சத்தம் வருகிறதே, சங்கிலி அறுந்தால் ரயில் பின்னால் உருண்டுவிடாதா?

உருளாமல் இருப்பதற்கான சத்தம்தான் அது. ரயிலின் அடியில் ஒரு இரும்பு நாக்கு, ஏற்றத்தில் பதித்த பற்களின் மேல் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே போகும். சங்கிலி போனாலும் ரயில் அடுத்த பல்லில் மாட்டி நின்றுவிடும்.

தடத்தை விட்டு ரயில் பறந்துவிடாததற்குக் காரணம் சக்கரங்கள். மேலே ஓடுவது ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தடத்தின் அடியில் பிடித்துக்கொள்வது ஒன்று என மூன்று திசையிலும் உண்டு. அடிச் சக்கரத்துக்குக் கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜான் மில்லர் 1919-இல் காப்புரிமை வாங்கினார். அது வந்த பிறகுதான் பெரிய ஏர்டைம் மேடுகளே சாத்தியமாயின.

அடுத்தது, தடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு ரயில்தான் இருக்கலாம் என்று வைத்திருப்பார்கள். முன்னால் உள்ள ரயில் விலகாவிட்டால் பின்னால் வருவதைப் பிரேக் நிறுத்திவிடும். காந்தப் பிரேக்குக்கு மின்சாரமே தேவையில்லை. காற்றழுத்தத்தில் திறக்கும் பிரேக்கோ அழுத்தம் போனால் தானாக மூடிக்கொள்ளும். ஆகவே ஏற்றத்தின் பாதியில் ரயில் நின்றால் பதறாதீர்கள். ஏதோ ஒரு சென்சார் சந்தேகப்பட்டு நிறுத்தியிருக்கிறது, அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

விபத்தே நடக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். 2015 ஜூனில் ஆல்டன் டவர்ஸின் ஸ்மைலர் என்ற கோஸ்டரில் நின்றிருந்த காலி ரயில் மேல் ஆட்கள் இருந்த ரயில் மோதியது, இரண்டு இளம் பெண்கள் ஒவ்வொரு காலை இழந்தார்கள். அங்கேயும் கணினி பின்னால் வந்த ரயிலைச் சரியாகத்தான் நிறுத்தியிருந்தது. அதைக் கோளாறு என்று நினைத்துப் பணியாளர்கள் மீறி அனுப்பிவிட்டார்கள். நிர்வாகத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. எனவே சோதித்துப் பார்க்க ரைடை ஒரு மணி நேரம் நிறுத்தினால் பணியாளரிடம் சண்டை போடாதீர்கள், தயவுசெய்து. அவசரப்படுத்தப்படாத பணியாளர்தான் உங்களுக்குப் பாதுகாப்பு.

கேள்வி: ஒரே நாளில் எல்லாவற்றிலும் ஏற ஏதாவது வழி உண்டா?

திறப்பதற்கு முன்பே வாசலில் நில்லுங்கள். உள்ளே போனதும் எல்லாரும் பெரிய கோஸ்டருக்கு ஓடுவார்கள். நீங்கள் ஆள் கொள்ளளவு குறைந்ததற்குப் போங்கள். ரயிலுக்கு நான்கு பேர் ஏறும் சின்னக் கோஸ்டரில் மதியம் வரிசை நகரவே நகராது. பெரியது மணிக்கு ஆயிரம் பேரை விழுங்கிவிடும்.

வரிசையில் நுழையும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். ரயிலில் 24 பேர், இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் கிளம்புகிறது என்றால் மணிக்கு 720 பேர். முன்னால் 360 பேர் நின்றால் அரை மணி. ஒரே ஒரு ரயில் மட்டும் ஓடினால் அந்த நேரம் இரட்டிப்பாகும், அதனால் எத்தனை ரயில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். தனியாக ஏறுவோருக்கு வேறு வரிசை இருந்தால் நண்பர்கள் பிரிந்து ஏறிக்கொள்ளலாம். வார நாள், பள்ளி விடுமுறை இல்லாத காலம் என்றால் இத்தனை பாடு வேண்டாம்.

ஆனால் எல்லாவற்றிலும் ஒவ்வொரு முறை என்பதைவிட, பிடித்த ஒன்றில் நான்கு வரிசை மாற்றி நான்கு முறை ஏறிய நாள்தான் மனதில் நிற்கும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கேள்வி: ‘கிரெடிட்’ எண்ணுவது எப்படி? குழந்தைகள் கோஸ்டரும் கணக்கில் சேருமா?

வாழ்நாளில் ஏறிய வெவ்வேறு கோஸ்டர் ஒவ்வொன்றும் ஒரு கிரெடிட். அதே கோஸ்டரில் நூறு முறை ஏறினாலும் ஒன்றுதான். குழந்தைகள் கோஸ்டரை நான் சேர்ப்பேன், சிலர் சேர்க்க மாட்டார்கள். இரட்டைத் தடம் இருந்தால் இரண்டு. பழைய மரக் கோஸ்டரை மாற்றிக் கட்டினால் புதியதாகக் கணக்கு வைப்பவர்களே அதிகம். ஆனால் குழந்தை கூட இருந்தால்தான் பெரியவர்கள் ஏறலாம் என்று பார்க் சொன்னால், கிரெடிட்டுக்காக வாதாடாதீர்கள்.

கேள்வி: கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே ஏறலாமா?

கூடாது. ஏர்டைம் உங்களைத் தூக்கும்போது பையில் உள்ள கைபேசியையும் தூக்கும். அது யார் முகத்தில் படும் என்று சொல்ல முடியாது. லாக்கரில் வையுங்கள். மூக்குக்கண்ணாடிக்குத் தலைக்குப் பின்னால் கட்டும் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள், அதையும் அனுமதிக்கிறார்களா என்று பணியாளரைக் கேளுங்கள். அபுதாபியில் மணிக்கு 240 கிலோமீட்டரில் ஓடும் ஃபார்முலா ரோசாவில் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியை அவர்களே தருகிறார்கள். அந்த வேகத்தில் மணலும் பூச்சியும்கூட அடிக்கும்.

கேள்வி: லூப் ஏன் சரியான வட்டமாக இல்லை? (பதினோராம் வகுப்பு மாணவன்)

நல்ல கேள்வி, தம்பி. வட்டமாக இருந்தால் நேர்த் தடத்திலிருந்து சட்டென்று முழு வளைவுக்குள் நுழைய வேண்டும், கழுத்து தாங்காது. 1895-இல் அமெரிக்காவில் ஓடிய வட்ட லூப் அதனாலேயே பெயரைக் கெடுத்துக்கொண்டது. 1976-இல் ரெவல்யூஷன் கோஸ்டருக்காகப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் கண்ணீர்த்துளி வடிவத்தில் லூப்பை வரைந்தார். வேகம் அதிகமுள்ள அடியில் வளைவு விரிந்தும், வேகம் குறையும் உச்சியில் இறுகியும் இருக்கும். வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்துப் பார், ஏன் என்று உனக்கே புரியும்.

கேள்வி: மாலையில் கோஸ்டர் வேகமாக ஓடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். நாள் முழுக்க ஓடியதில் சக்கரமும் மசகும் சூடேறி உராய்வு குறையும். மழைக்குப் பிறகு மரக் கோஸ்டரிலும் வித்தியாசம் தெரியும். காலையில் சுமார் என்று தோன்றியதை இரவில் இன்னொரு முறை ஏறாமல் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

ஓஹையோவில் கிங்ஸ் ஐலண்டின் பீஸ்ட் இதற்குச் சரியான உதாரணம். 1979-இல் வந்த மரக் கோஸ்டர், ஏறக்குறைய 2.2 கிலோமீட்டர் நீளம், நான்கு நிமிடத்துக்கு மேல் சவாரி, பெரும்பகுதி காட்டுக்குள். பகலில் மரங்கள் தெரியும். இரவில் முன்னால் உள்ளவரின் தலைகூடத் தெரியாது. பார்க் மூடும் நேரத்துக்கு நன்றாக முன்பே வரிசையில் நின்றுவிடுங்கள், கடைசிச் சவாரிகளுக்குத்தான் அங்கே கூட்டம் சேரும்.