ஸீலாந்தில் ஒரு கழிமுகத்துக்குக் கதவு, மற்றொன்று திறந்தபடி இருப்பது ஏன்?

நெதர்லாந்தின் தென்மேற்கிலுள்ள ஸீலாந்து மாகாணத்தில் கிழக்கு ஸ்கெல்ட் கழிமுகத்துக்குக் கதவுகள் அமைத்தவர்கள், மேற்கு ஸ்கெல்டைத் திறந்தே விட்டது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரைன், மாஸ், ஸ்கெல்ட் ஆறுகள் கடலில் கலக்கும் இத்தாழ்நிலத்தில், 1953 பிப்ரவரி 1 அன்று புயலும் உயர் ஓதமும் (கடல்நீர் ஏற்றமும்) சேர்ந்து கரைகளை உடைத்தபோது, நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தனர். அதன்பின் கழிமுகங்களை அணையிட்டு அடைக்கத் தொடங்கினார்கள். கிழக்கு ஸ்கெல்டையும் அடைத்திருந்தால் ஓதம் நின்று, சிப்பி வளர்ப்பும் உப்புச் சதுப்புகளும் அழிந்திருக்கும். மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்ததால், வழக்கமான நாள்களில் திறந்திருக்கும் 62 எஃகுக் கதவுகள் கொண்ட தடுப்பு கட்டப்பட்டு, 1986இல் திறந்துவைக்கப்பட்டது. நீர்மட்டம் சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் 3 மீட்டரை எட்டும் எனக் கணிக்கப்பட்டால்தான் கதவுகள் இறங்கும். அந்நாட்டு நீர்ப் பொறியியலின் மிகச் சிறந்த முடிவு இதுவே என்பது என் கருத்து.

மேற்கு ஸ்கெல்டோ பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்குக் கப்பல்கள் செல்லும் வழி. ஆகவே அங்கே கரைகளை உயர்த்தி வலுப்படுத்தினார்கள்.

இந்நிலத்தின் மேடுபள்ளமும் வியப்பானது. பழைய ஓடைகள் மணல் நிரம்பித் தூர்ந்துபோக, சுற்றியிருந்த மண் நீர் வடிந்து அமிழ்ந்துவிட்டதால், ஓடை இருந்த இடமே இன்று மேடாகி நிற்கிறது. பழைய ஊர்கள் பலவும், வயல்களிடையே வளைந்து செல்லும் சாலைகளும் அந்த மேடுகளின் மீதே அமைந்திருக்கின்றன.