தண்ணி டெஸ்ட் ரிசல்ட்ட ஊர் ஜனங்களுக்கு எப்படி புரிய வைக்கிறது?

பாலாத்து ஓரம் ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போய் டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கற மொத்த உப்பு) 2000னு ரிப்போர்ட்ட நீட்டுனா யாருக்கும் ஏறாது, குடத்துக் கணக்குல சொல்லுங்க. லிட்டருக்கு 2000 மில்லிகிராம்னா 15 லிட்டர் குடத்துல 30 கிராம் உப்பு, ஐஎஸ் 10500ங்கற இந்தியக் குடிதண்ணி தரப்படி ஏத்துக்கற அளவு 500 தான், அது ஏழரை கிராம். ரெண்டையும் எடைபோட்டு ரெண்டு பேப்பர்ல கொட்டி பக்கத்துல பக்கத்துல வைங்க, நான் ஒரு தெருவுல வச்சப்ப ஒரு ஆயா குனிஞ்சு தொட்டுப் பாத்து "இம்மாம் உப்பா?"ன்னாங்க, அப்புறம்தான் பேச்சே ஆரம்பிச்சுது. இது சமையல் உப்பு மட்டும் இல்ல, கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சேந்ததுன்னு கண்டிப்பா சொல்லிடணும். ஆம்பூர், பேர்ணாம்பட்டுல உருது பேசற வீடு நிறைய, அங்க அந்த வீட்டுப் பொண்ணுங்களையே அவங்க பாஷைல சொல்லச் சொல்லுங்க. காய்ச்சுனா இந்த உப்பு போகாதுன்றத விட்றாதீங்க, நிறைய பேர் போயிடும்னு நெனச்சிட்டு இருக்காங்க.