முதுகெலும்பு: எண்ணிக்கை மாறினால் என்ன ஆகும்? வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு 34 வயது. கீழ் முதுகில் வலப் பக்கம் மட்டும் வலி. எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் "எல்5 வலப்பக்க சாக்ரலைசேஷன்" என்று இருக்கிறது. எலும்பு ஒட்டிக்கொண்டுவிட்டது, ஆபரேஷன்தான் வழி என்று வீட்டில் பயப்படுகிறார்கள். உண்மையா, டாக்டர்?
- வாசகர், ஈரோடு

பதில்: ஒட்டிக்கொள்ளவில்லை; நீங்கள் பிறந்ததே அப்படித்தான். கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 முள்ளெலும்புகள், அதற்குக் கீழே 5 எலும்புகள் இணைந்த சேக்ரம் என்பதுதான் பெரும்பாலோரின் கணக்கு. கரு வளரும்போது எந்த எலும்பு எந்த வடிவம் எடுக்க வேண்டும் என்பதை ஹாக்ஸ் மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. அந்த எல்லை சற்று மேலே நகர்ந்தால் ஐந்தாம் இடுப்பெலும்பு (எல்5) சேக்ரத்தோடு சேர்ந்துவிடும். அதுதான் சாக்ரலைசேஷன். கீழே நகர்ந்தால் சேக்ரத்தின் முதல் எலும்பு (எஸ்1) பிரிந்து ஆறாவது இடுப்பெலும்பு போல நிற்கும். அதற்கு லம்பரைசேஷன் என்று பெயர். இரண்டுமே அரிதல்ல. பலர் ஆயுள் முழுதும் தெரியாமலே இருந்துவிடுகிறார்கள்.

உங்கள் வலிக்கு இதுதான் காரணமா என்பது வகையைப் பொறுத்தது. இதை நான்கு வகையாகப் பிரிக்கும் காஸ்டெல்வி வகைப்பாடு 1984 முதல் வழக்கில் இருக்கிறது. முதல் வகையில் முள்ளெலும்பின் பக்க நீட்சி மட்டும் 19 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் உயரமாக இருக்கும். பொதுவாக அதனால் தொல்லை இல்லை. இரண்டாம் வகையில் அந்த நீட்சி சேக்ரத்தைத் தொட்டு ஒரு பொய் மூட்டை உண்டாக்கும். மூன்றாவதில் எலும்போடு எலும்பு முழுதாக இணைந்திருக்கும். ஒரு பக்கம் இணைந்து மறு பக்கம் பொய் மூட்டாக இருந்தால் நான்காவது. வலி தருவதில் முதல் சந்தேகம் பொய் மூட்டின் மேல்தான். முழு மூட்டுக்குரிய அமைப்பு இல்லாமலே அது அசைந்து உராய்கிறது. இந்த வலியை இத்தாலிய மருத்துவர் மாரியோ பெர்டோலொட்டி 1917இல் விவரித்தார். இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறோம். முழுதாக இணைந்த இடம் அசையாது என்பதால் அங்கே வலி குறைவு. ஆனால் அசைவின் பாரம் அதற்கு மேலுள்ள டிஸ்க்கின் (முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருப்பது) மேல் விழும், அது சீக்கிரம் தேயலாம். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் எதிர்ப் பக்கச் சிறு மூட்டும் வலிக்கலாம்.

ரிப்போர்ட்டில் உங்கள் வகை எழுதப்படவில்லை. சேக்ரத்தை நேராகக் காட்ட, எக்ஸ்ரே குழாயை 30 டிகிரி தலைப் பக்கம் சாய்த்து எடுக்கும் ஃபெர்குசன் படம் உதவும். வகை எதுவானாலும் முதலில் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிசியோதெரபி: வயிறு, முதுகு, பிட்டத் தசைகளை வலுவாக்கும் பயிற்சி. குனிந்தபடியே இடுப்பைத் திருப்பிச் சுமை தூக்குவதை நிறுத்துங்கள். வலி நீடித்தால், எக்ஸ்ரே அல்லது சி.டி. பார்த்தபடி பொய் மூட்டுக்குள் மரப்பு மருந்து செலுத்திச் சோதிக்கலாம். சில மணி நேரமாவது வலி நன்றாகக் குறைந்தால் அந்த மூட்டே காரணம் என்பது பெரும்பாலும் உறுதி. இந்தச் சோதனை இல்லாமல் யாராவது ஆபரேஷன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு டிஸ்க் ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் எல்4-5 என்கிறது, இன்னொன்று எல்5-எஸ்1 என்கிறது. எதை நம்புவது?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: இரண்டும் ஒரே டிஸ்க்கைக் காட்டலாம். இடுப்பு எம்ஆர்ஐயில் மேல் முதுகு தெரியாது. அதனால் கடைசியில் தெரியும் நல்ல டிஸ்க்கை எல்5-எஸ்1 என்று வைத்துக் கீழிருந்து எண்ணுவது வழக்கம். எலும்பு ஒன்று கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தால் எல்லாப் பெயரும் ஒரு படி தள்ளிப் போகும். விலா எலும்பை வைத்து எண்ணினாலும் தவறலாம். 11 அல்லது 13 ஜோடி விலா உள்ளவர்களும் உண்டு. முழு முதுகெலும்புப் படம் ஒன்று எடுத்து, மேல்நோக்கிய முனையால் எளிதில் அடையாளம் தெரியும் இரண்டாம் கழுத்தெலும்பிலிருந்து கீழே எண்ணுவதே நம்பகமான வழி. அதற்குச் சில நிமிடங்களே கூடுதலாகும்.

எப்படி எண்ணினார்கள் என்பதை ரிப்போர்ட்டிலேயே எழுதித் தரக் கேளுங்கள். எக்ஸ்ரே, எம்ஆர்ஐ இரண்டின் படங்களையும் அறுவை மருத்துவரிடம் கொடுங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. ஆபரேஷன் மேசையில் எடுக்கும் எக்ஸ்ரேயும் எம்ஆர்ஐயும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். இங்கே தவறினால் நல்ல டிஸ்க்கில் கத்தி படும். எனவே கேட்கத் தயங்காதீர்கள், அம்மா.

கேள்வி: கையைத் தூக்கித் துணி உலர்த்தினால் சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகிறது. கழுத்தில் கூடுதல் விலா இருக்கிறதாம். எடுத்துவிட வேண்டுமா?
- வாசகி, மட்டக்களப்பு

பதில்: ஏழாம் கழுத்தெலும்பிலிருந்து முளைக்கும் இந்த விலா நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கும், பெரும்பாலோருக்குத் தொந்தரவு தராது. எக்ஸ்ரேயில் ஏழாம் கழுத்தெலும்பின் பக்க நீட்சி கீழ் நோக்கியும், மார்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பினுடையது மேல் நோக்கியும் இருக்கும். முதல் விலாவோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க இதைப் பார்ப்போம். விலாவின் நுனியிலிருந்து செல்லும் நார்ப் பட்டை எக்ஸ்ரேயில் தெரியாது, ஆனால் நரம்பை அழுத்துவது பல நேரம் அதுதான். மரத்துப்போவது மட்டும் என்றால் தோள் பயிற்சியில் தொடங்குங்கள். உள்ளங்கைத் தசை மெலிந்தாலோ, விரல்கள் வெளுத்துக் குளிர்ந்தாலோ காத்திருக்க வேண்டாம். தசை மெலிவது நரம்பு அழுத்தத்தின் அறிகுறி; விரல் வெளுத்துக் குளிர்வது ரத்தக்குழாய் அழுத்தமாக இருக்கலாம். அதற்கு உடனே ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் பரிசோதனை தேவை.

கேள்வி: மகனின் எக்ஸ்ரேயில் "ஸ்பைனா பைஃபிடா அக்கல்டா, எஸ்1" என்று இருக்கிறது. ஆபத்தா?
- வாசகர், சேலம்

பதில்: எலும்பு வளையத்தின் பின்புறம் சிறு இடைவெளி மூடாமல் இருக்கிறது, அவ்வளவே. பலருக்கும் உண்டு. அந்த இடத்துத் தோலில் குழியோ முடிக் கொத்தோ, சிறுநீர் கட்டுப்பாட்டில் குறையோ, கால் பலவீனமோ இருந்தால் மட்டும் எம்ஆர்ஐ எடுங்கள்.