11:1 இன்ஜினுக்கு நைட்ரஸ் தாங்குமா?

கேள்வி: என் கார் 1.5 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல். டிராக் ரேஸுக்காக ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டு காம்பிரஷனை 11:1 ஆக்கியிருக்கிறேன். அடுத்து, இன்ஜினுக்குள் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் செலுத்தி 50 எச்பி கூட்டுகிற நைட்ரஸ் கிட் மாட்டப் போகிறேன். ‘காம்பிரஷனை 9-க்கு இறக்கு, இல்லாவிட்டால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். ஹெட்டுக்கு (சிலிண்டர் மூடிக்கு) அடியில் கேஸ்கட்டை, அதாவது அடைப்புத் தகட்டை, அடுக்கிப் போட்டால் போதும்’ என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
- வாசகர், கோவை

பதில்: வேண்டாம் தம்பி. உங்கள் சிலிண்டர் ஒன்று 375 சிசி. காம்பிரஷன் 11:1 என்றால் உள்ளே வந்த கலவை பதினொன்றில் ஒரு பங்காக நசுங்கும்; அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிச்சம் 37.5 சிசி. 9:1 ஆக்க அது 47 சிசி ஆக வேண்டும். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 75 மி.மீ. என்று வைத்தால், கேஸ்கட் கனத்தை மட்டும் 2 மி.மீ.க்கு மேல் கூட்ட வேண்டிவரும். பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற நெருக்கம் போச்சு. கலவை சரியாகச் சுழலாது, மெதுவாக எரியும், நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் தானே வெடித்து எரிவது) இன்னும் சுலபமாக வரும். எதற்குப் பயந்தீர்களோ அதையே காசு கொடுத்து வாங்கிய கதை.

நைட்ரஸ் வேலை செய்வது சில விநாடிகள்தான். மற்ற நேரமெல்லாம் வண்டியை இழுப்பது காம்பிரஷன். அதை விட்டுக்கொடுக்காதீர்கள். பிஸ்டனை ஓட்டையாக்குவது பெரும்பாலும் தப்பான ஸ்பார்க் டைமிங்கும் பெட்ரோல் பற்றாக்குறையும்தான். நைட்ரஸில் எடைக்கு 36 சதவீதம் ஆக்சிஜன், காற்றில் 23தான். எரிவது வேகமாக நடப்பதால் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்த வேண்டும்; இதுதான் ரிட்டார்ட். ‘50 எச்பிக்கு 2 டிகிரி’ என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அது அமெரிக்க வி8-க்குப் பழகிய கணக்கு. அங்கே சிலிண்டருக்கு 6 எச்பி, உங்களுக்கு 12. நானாக இருந்தால் 4 டிகிரி ரிட்டார்டில் தொடங்குவேன், அதுவும் 25 எச்பி ஜெட்டோடு (நைட்ரஸ் எவ்வளவு போகும் என்பதை முடிவு செய்கிற துளை). பெட்ரோல் 100 ஆக்டேன். 2020 முதல் இந்தியன் ஆயிலில் எக்ஸ்பி100 வருகிறது. பிளக் ஒரு படி குளிர்ந்தது, அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றுவது, போடுங்கள். என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ச்சி, பாஷில் நேர் எதிர். கடைக்காரரே குழம்புவார்!

பெட்ரோல் பிரஷர் இறங்கினால் நைட்ரஸைத் தானாக நிறுத்துகிற சுவிட்ச் இல்லாத கிட்டை வாங்கவே வாங்காதீர்கள்.

அப்புறம், நம்ம ஊர் வெயில். பாட்டிலுக்கு 900 முதல் 1,000 பிஎஸ்ஐ போதும். கிட்டத்தட்ட 30 டிகிரியிலேயே அது வந்துவிடும். 36.4 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்று ஒன்றே இருக்காது, பிரஷர் எகிறும், ஜெட் கணக்கு தப்பும். மே மாதம் டிக்கியில் பூட்டி வைத்துவிட்டு நேரே ஓடவிடாதீர்கள். ஈரத்துணி சுற்றி, கேஜைப் பார்த்துவிட்டுத் திறங்கள். இதெல்லாம் டிராக்கில் மட்டும்; ரோட்டில் போட்டு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வரும்.

முதல் ஓட்டம் முடிந்ததும் இன்ஜினை அங்கேயே அணைத்து, பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளி இருந்தால் நாக்கிங். ஸ்பார்க்கை இன்னும் 2 டிகிரி தாமதப்படுத்துங்கள். வெள்ளியாக மின்னுகிற பொடி தெரிந்தால் அது உங்கள் பிஸ்டனின் அலுமினியம். பாட்டிலை மூடிவிட்டு ஹெட்டைக் கழற்றுங்கள்.