வடக்கில் மட்டும் ஏன் புள்ளியே விழவில்லை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூலை மொட்டை மாடியில் வைத்து, ஒரு முழு நாள் கிடைத்த செயற்கைக்கோள்களை வட்டப் படத்தில் குறித்தேன். வடக்கில் ஒரு பெரிய இடம் காலியாகவே கிடக்கிறது. ஆன்டெனா போய்விட்டதா?
– வாசகர், காட்பாடி

ஆன்டெனாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேலூர் வானத்தில் அந்த இடம் காலியாகத்தான் இருக்க வேண்டும். ஜிபிஎஸ் சுற்றுப்பாதைகள் நிலநடுக்கோட்டுக்கு 55 டிகிரி சாய்ந்தவை. அதனால் எந்த ஜிபிஎஸ் கோளும் 55 டிகிரி வட அட்சரேகையைத் தாண்டாது. நாம் இருப்பது ஏறக்குறைய 12.9 டிகிரியில், கோள்கள் பறப்பதோ சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில். கணக்குப் போட்டால், நேர் வடக்கில் 37 டிகிரி உயரத்துக்குக் கீழே எதுவும் வராது. அடிவானத்தில் இந்த ஓட்டை வடக்கிலிருந்து இருபுறமும் 36 டிகிரி வரை விரியும். தெற்கில் அப்படியில்லை, 8 டிகிரி வரை இறங்கி வரும்.

இந்த ஓட்டையை வைத்தே படம் வரையும் உங்கள் நிரலைச் சோதிக்கலாம். வட்டத்தின் நடுப்புள்ளி தலைக்கு நேர் மேலே, விளிம்பு அடிவானம். ஆகவே ஆரம் = 90 கழித்தல் ஏற்றக்கோணம் (அடிவானத்திலிருந்து கோளின் உயரம், டிகிரியில்). திசைக்கோணம் வடக்கில் தொடங்கி வலஞ்சுழியாக ஏறுவதால், கிடையச்சுக்கு ஆரம் × சைன், நெடுக்கச்சுக்கு ஆரம் × கொசைன். கணக்குப் புத்தகப் பழக்கத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டவர்களுக்கு ஓட்டை கிழக்கில் போய் உட்காரும். டிகிரியை ரேடியனாக மாற்ற மறந்தால் புள்ளிகள் சிதறி, ஓட்டையே காணாமல் போகும்.

கிழக்கும் மேற்கும் மட்டும் இடம் மாறியிருந்தால் ஓட்டை காட்டிக் கொடுக்காது. அதற்கு வீட்டிலிருக்கும் பெரிய எவர்சில்வர் தாம்பாளம் போதும். ஆன்டெனாவுக்குக் கிழக்கே ஒட்டினாற்போல் நிமிர்த்தி வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். கிழக்குப் புள்ளிகளின் சிக்னல் எண் சரிய வேண்டும். மேற்கில் சரிந்தால் கிடையச்சின் குறியை மாற்றுங்கள்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. வடக்கு விளிம்பில் ஒரே இடத்தில் புள்ளிகள் குவிகின்றன.
– வாசகர், ராணிப்பேட்டை

காலி இடங்களைச் சுழியமாகப் படிக்கிறீர்கள். மாட்யூல் அனுப்பும் ஜிஎஸ்வி வரியில் (வானில் தெரியும் கோள்களின் பட்டியல்) ஒவ்வொரு கோளுக்கும் எண், ஏற்றக்கோணம், திசைக்கோணம், சிக்னல் என நான்கு மதிப்புகள். வரிக்கு நான்கு கோள்கள்தான். புதிதாக மின்சாரம் கொடுத்த மாட்யூலிடம் அல்மனாக், அதாவது எல்லாக் கோள்களின் தோராயப் பாதைக் குறிப்பு, இருக்காது. அது முழுதாக இறங்கவே 12.5 நிமிடம் ஆகும். அதுவரை சில கோள்களுக்குக் கோண இடங்கள் வெறுமையாக வரும். வெறுமை 0 ஆனால் புள்ளி வடக்கு அடிவானத்துக்குப் போகாமல் வேறெங்கே போகும்? கோணம் இல்லாத கோளை மட்டும் தள்ளிவிட்டு, முதல் கால் மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று: வரியின் கடைசி மதிப்போடு நட்சத்திரக் குறியும் சரிபார்ப்பு எண்ணும் ஒட்டி வரும். அதை வெட்டாமல் எண்ணாக மாற்றினால், ஒவ்வொரு வரியிலும் கடைசிக் கோள் தொலையும். நான்கில் ஒன்று குறைகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கேள்வி: எங்கள் ஊரைச் சுற்றி மலைகள். சிக்னலை அவைதான் மறைக்கின்றனவா?
– வாசகர், சத்துவாச்சாரி

மலையின் மேல் பழி போடுவது எளிது. 5 கிலோமீட்டர் தள்ளி, உங்களைவிட 400 மீட்டர் உயர்ந்து நிற்கும் மலை மறைப்பது ஐந்து டிகிரிகூட இல்லை. பத்து மீட்டர் தள்ளி, உங்கள் ஆன்டெனாவைவிடப் பத்து மீட்டர் உயர்ந்த பக்கத்து வீடு 45 டிகிரியை விழுங்கிவிடும். மலையடிவாரத்திலேயே வீடு என்றால் கதை வேறு. பாகைமானியில் நூலும் சிறு கல்லும் கட்டி, பத்துப் பத்து டிகிரித் திசையாக மறைப்பின் உயரத்தை அளந்து அதே வட்டத்தில் கோடாக வரையுங்கள். கோட்டுக்கு மேலே இருந்தும் சிக்னல் 30-க்குக் கீழே கிடந்தால் தகரக் கூரை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் அலைகளைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: நேற்று இதே நேரத்தில் எடுத்த படம் இன்று சற்றே நகர்ந்திருக்கிறதே?
– வாசகர், ஆரணி

நான்கு நிமிடம் முன்னதாக எடுத்துப் பாருங்கள், பொருந்தும். ஜிபிஎஸ் கோள் பூமியை இருமுறை சுற்ற 23 மணி 56 நிமிடம் ஆகிறது. 15 நாளில் வித்தியாசம் ஒரு மணி நேரமாகிவிடும். ரஷ்யாவின் கிளோனாஸ் கோள்களை இப்படி ஒப்பிட முடியாது. அவை எட்டு நாளுக்கு ஒருமுறைதான் பழைய தடத்துக்குத் திரும்பும்.

கேள்வி: நியோ-6எம்மில் இந்தியாவின் நாவிக் வழிகாட்டிக் கோள்கள் ஏன் தெரிவதில்லை?
– வாசகர், குடியாத்தம்

அந்த மாட்யூல் கேட்பது 1575.42 மெகாஹெர்ட்ஸ் மட்டும். முதல் தலைமுறை நாவிக் கோள்கள் பேசுவது 1176.45-லும் 2492.028-லும். எல்5 (அந்த 1176.45 அலைவரிசை) வசதியும் நாவிக் ஆதரவும் உள்ள ரிசீவர் வேண்டும். கிடைத்தால் ஒரு வித்தியாசம் பார்க்கலாம்: 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நிறுத்தப்பட்ட புவிநிலைக் கோள் (பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் சுற்றுவது) எதுவானாலும் வேலூரிலிருந்து தெற்கே சற்றுக் கிழக்காக, சுமார் 74 டிகிரி உயரத்தில் நாள் முழுக்க ஒரே புள்ளியாக நிற்கும். 29 டிகிரி சாய்ந்த பாதையில் சுற்றும் நாவிக் கோள்களோ வானத்தில் எட்டு போட்டுக் காட்டும்.